1974க்கு நேரே ஒரு வரி கேட்டு

உலக டென்னிஸ் கூட்டமைப்பில் டேவிஸ் கோப்பைப் பதிவேடுகளைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் பயிற்சி முடிந்து தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது, என்னிடம் டென்னிஸ் கற்கும் பையன் ஒருவன் கைபேசியில், நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பை டென்னிஸை வென்றவர்களின் பட்டியலை உருட்டிக்கொண்டிருந்தான். 1974இல் விரல் நின்றது. தென்னாப்பிரிக்கா வெற்றி, எதிரணி இந்தியா, வாக்ஓவர், அதாவது எதிரணி ஆடாததால் கிடைத்த வெற்றி. "சார், நம்ம ஆளுங்க ஃபைனலுக்கு லேட்டா போயிட்டாங்களா?" என்று கேட்டான். எங்கள் ஊர்ப் போட்டிகளில் வாக்ஓவர் என்றால் காய்ச்சல், பரீட்சை, இல்லாவிட்டால் பஸ் கிடைக்கவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது.

லேட்டாகப் போகிற அணியா அது? அந்த மே மாதம் கல்கத்தா சவுத் கிளப் புல்தரையில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வீழ்த்த 327 கேம்கள் ஆட வேண்டியிருந்தது. இழுபறியான செட்டைச் சட்டென்று முடித்துவைக்கும் டைபிரேக்கர் டேவிஸ் கோப்பையில் இல்லாத காலம். இரட்டையர் ஆட்டத்தில் மட்டும் 99 கேம்கள்: எங்கள் மெட்ராஸ் சகோதரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அலெக்ஸாண்டர், டிப்லி ஜோடியை 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என்று வென்றார்கள். மே மாதக் கல்கத்தாப் புழுக்கத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் புரியும். அப்புறம் புனேயில் சோவியத் யூனியனையும் தோற்கடித்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு அணி, தென்னாப்பிரிக்கா.

வெள்ளையரல்லாதவர்களைச் சட்டம் போட்டு ஒதுக்கிய நிறவெறி நாடு அது; அந்த அணியோடு ஆட மாட்டோம் என்று இந்தியா சொல்லிவிட்டது. திடீர் ரோஷம் இல்லை. தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தையே 1946இல் நிறுத்திய நாடு இது. முடிவை எடுத்தது அரசும் டென்னிஸ் சங்கமும். விலை கொடுத்தவர்கள் விஜய், ஆனந்த், சசி மேனன், ஜஸ்ஜித் சிங் என்ற நால்வர். இருபது வயதுப் பையனாக விஜய் அன்று இரவு எப்படித் தூங்கியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். 1966இலும் 1987இலும் இறுதிக்கு வந்து ஆடித் தோற்றோம். கோப்பை இன்றுவரை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

விளையாட்டில் அரசியலைக் கலக்கலாமா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கலந்தது யார்? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பப்வா செவ்கோலம் என்று ஒரு கோல்ஃப் ஆட்டக்காரர் இருந்தார், இந்திய வம்சாவளி. மட்டையை எல்லோருக்கும் நேர்மாறாகப் பிடித்து ஆடுவார். 1963இல் நேட்டால் ஓப்பனை வென்றார். வெள்ளையருக்கு மட்டுமேயான கிளப் கட்டடத்துக்குள் அவர் கால் வைக்கக் கூடாது என்பதால், தோற்றவர்கள் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். பின்னாளில் அவருடைய பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். இதற்கு மேலும் அரசியலைக் கலக்க என்ன மிச்சம்?

உங்கள் வீட்டுக் கதையும் உண்டு. 1968இல் ஸ்வீடனின் பாஸ்டாட் நகரில், வெள்ளைச் சிறுபான்மை ஆண்ட ரொடீசியாவுக்கு எதிரான டேவிஸ் கோப்பை ஆட்டத்தைப் போராட்டக்காரர்கள் நடக்க விடவில்லை. பிரான்சுக்குக் கொண்டுபோய்த்தான் ஆடி முடித்தார்கள். அமெரிக்கக் கறுப்பின டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷுக்குத் தென்னாப்பிரிக்கா விசா மறுத்தது. 1970இல் அந்த நாட்டை நீங்களே விலக்கினீர்கள். சரி. பிறகு எது மாறிவிட்டது என்று திரும்பச் சேர்த்துக்கொண்டீர்கள்? அன்று கதவை மூடியே வைத்திருந்தால், அந்த நால்வர் தலையில் இந்தப் பாரம் விழுந்திருக்காது. கொஞ்ச வருடம் கழித்து மறுபடி வெளியேற்றினீர்கள். நிறவெறிச் சட்டங்கள் ஒழிந்த பிறகே அவர்கள் திரும்ப முடிந்தது. இந்தியா 1974இல் சொன்னதைத்தான் நீங்கள் தாமதமாகச் சொன்னீர்கள்.

முடிவைத் திருத்தச் சொல்லவில்லை. கோப்பையை அந்த ஆண்டு வாங்கியவர்கள் தென்னாப்பிரிக்கர்கள்தான், பெயர் இருக்கட்டும். இந்தியா ஆடியிருந்தால் வென்றிருக்கும் என்றும் சத்தியம் செய்ய மாட்டேன். அந்தப் பையன் அதையும் கேட்டான். தென்னாப்பிரிக்காவின் ஹெவிட், மெக்மில்லன் ஜோடி இரட்டையரில் எப்பேர்ப்பட்டது என்று அவனுக்குச் சொன்னேன். "கஷ்டம்தான் போல" என்று தலையாட்டினான்.

நான் கேட்பது அந்த வாக்ஓவருக்குக் கீழே ஒரு வரி: "தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து இந்தியா இறுதிப் போட்டியில் ஆட மறுத்தது." அதோடு நால்வரின் பெயர்கள். பெயர்களை எழுதுவதில் சந்தேகம் வந்தால் மெட்ராஸில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், இரண்டு பெயராவது சரியாகச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
செங்கல்பட்டில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித்தரும் ஒருவன்