அம்மாவின் கட்டைவிரலைக் கவனித்தவருக்கு

தாராவி 90 அடி ரோட்டுச் சொந்தங்களுக்கும், மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பூ விற்கும் அக்காமாருக்கும் வணக்கம். நேற்று அம்மா ஒரு முழம் மல்லிகை கட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. ஆபரேஷன் முடிந்து கட்டிய முதல் முழம்.

பேசிக்கொண்டே, நாரைப் பார்க்காமலே கட்டுகிறவர் அம்மா. போன கணபதி சமயத்தில் முடிச்சு நிற்காமல் பூ உதிர ஆரம்பித்தது. அப்புறம் ரவிக்கை ஊக்கு போட வரவில்லை. மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். காட்டிய முதல் இடத்தில் மணிக்கட்டு நரம்பு என்று சொல்லி பெல்ட் கொடுத்தார்கள். அதிலேயே மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அடுத்துப் பார்த்த டாக்டரம்மாவுக்குத்தான் முதல் நன்றி. அம்மாவின் கையைத் தளரவிடச் சொல்லி, நடுவிரலைத் தாங்கிப் பிடித்து, அதன் நகத்தைக் கீழ்ப்பக்கமாகச் சுண்டிவிட்டார். யாரும் தொடாத கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெடுக்கென்று உள்ளே மடங்கின. இன்னும் இரண்டு முறை சுண்டினார். அதேதான். "கழுத்தை உடனே படம் எடுக்கணும்மா" என்றார். அம்மாவுக்குக் கழுத்து வலியே கிடையாது!

இதற்கு ஹாஃப்மேன் சோதனை என்று பெயர். ஜெர்மனியின் நரம்பியல் மருத்துவர் யோகான் ஹாஃப்மேன் பெயரால் வழங்குகிறது. இந்த மாதிரி அனிச்சைத் துள்ளலை எல்லாம் மூளை கடிவாளம் போட்டு அடக்கி வைத்திருக்குமாம். மூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதை கழுத்திலோ அதற்கு மேலோ நசுங்கினால் கடிவாளம் தளர்ந்துவிடும். மணிக்கட்டு நரம்பு அழுத்தத்தால் விரல் இப்படி மடங்காது. ஆனால் நல்ல ஆரோக்கியமானவர்கள் சிலருக்கும், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கும் இது வரலாம். அதனால் வீட்டில் ஆளாளுக்குச் சுண்டிப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டாக்டரம்மாவும் இதை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. முழங்காலைச் சுத்தியலால் தட்டினார், உள்ளங்காலைக் கீறினார் (பெருவிரல் மேலே நிமிர்ந்தது), ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். எம்ஆர்ஐ படத்தில், கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி தண்டுவடத்தை அழுத்துவது தெரிந்தது.

"ஆபரேஷன் மேற்கொண்டு மோசமாகாமல் தடுக்கத்தான், போனது எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது" என்று ஒளிக்காமல் சொன்னாரே, அதற்கும் நன்றி.

தன் முறை வருமுன்பே சீட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளச் சொன்ன அத்தைமாருக்கு நன்றி. ரத்தம் கொடுக்க விடியற்காலையில் வந்து நின்ற தம்பிகளுக்கு நன்றி. ஒவ்வொரு முறையும் கூட்டிப்போய், ஒரு பைசா வாங்காத டாக்சிக்கார மாமாவுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

ஊக்கு போடுவதும் கையெழுத்தும் நடையும் சேர்ந்து தடுமாறுகிற ஆள் உங்கள் வீட்டில் இருந்தால், வயசு என்று விட்டுவிடாதீர்கள். கழுத்தையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

பூக்கார அக்காமாரே, அம்மாவின் வாடிக்கைகளை இன்னும் ஒரு மாசம் பார்த்துக்கொள்ளுங்கள். புது நார்ப்பந்து ஒன்றை அம்மா இன்று காலையில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.