எச்4 எல்இடி ஹெட்லைட் பல்பு: பணத்தைத் திருப்பித் தரக் கோரி புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: என் வாடகைக் காருக்கு வாங்கிய எல்இடி பல்பு ஜோடி

ஐயா / அம்மா,

வணக்கம். இதே புகாரை உங்கள் இலவச எண்ணிலும் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து "என்ன பிரச்சினை சார்?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அதனால் கடிதமாகவே தருகிறேன். தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

நான் வால்பாறையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. மழை, மூடுபனி, குறுக்கே யானை, காட்டு மாடு எல்லாம் உண்டு. வண்டியில் வந்தது சாதாரண எச்4 ஹாலஜன் (பிரைட்டும் டிம்மும் ஒரே பல்பில் வரும் வகை), பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 வாட். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்று விசாரித்தேன். 100/90 ஹாலஜன் போட்டால் அதிக மின்சாரத்தைத் தாங்கும் ரிலே சுவிட்சும் தனி ஒயரிங்கும் வேண்டும், இல்லாவிட்டால் ஹோல்டர் உருகிவிடும் என்றார் மெக்கானிக். செனான் பல்பு என்றால் அதை எரியவைக்கும் பாலாஸ்ட் என்ற மின்பெட்டி வைக்க வேண்டும். முழு வெளிச்சம் வரச் சில விநாடி ஆகும். உங்கள் விற்பனையாளர்தான், "எல்இடி போடுங்க, எந்த எச்4 வண்டிக்கும் அப்படியே உட்காரும்" என்றார். பெட்டியிலும் அதையே அச்சடித்திருக்கிறீர்கள்.

உட்கார்ந்தது உண்மை. ஆனால் ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சம் மரக்கிளையிலும் எதிரே வருகிறவர் கண்ணிலும் விழுகிறது. டிம்மில் போனாலும் எதிர் வண்டிக்காரர்கள் லைட் அடித்துத் திட்டிவிட்டுப் போகிறார்கள். மூடுபனியில் கண்ணுக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டது போல இருக்கிறது. 9-வது வளைவில் தடுப்புச் சுவர் தெரியாமல் பிரேக்கை மிதித்து நின்றேன். வண்டியில் குழந்தைகளோடு ஒரு குடும்பம் இருந்தது.

கோவை சர்வீஸ் சென்டருக்கு வரச் சொன்னீர்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல், அன்றைய சவாரியை விட்டுவிட்டு இறங்கி வந்தேன். உங்கள் ஆள் வெளியே வந்து வண்டியைப் பார்க்கவே இல்லை. பட்டப்பகலில், மேசை மேல், ஒரு பேட்டரியில் பல்பைக் கொடுத்து எரியவிட்டார். "எரியுதே, அப்புறம் என்ன?" என்றார். வெளிச்சம் சிதறுகிறது என்றேன். "பல்புல ஒரு குறையும் இல்ல. நீங்க முதல்ல போய் கண்ணை டெஸ்ட் பண்ணுங்க." நாலு பேர் முன்னால் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். வருடக்கணக்காக இந்த மலையில் இரவில் ஆளை ஏற்றிக்கொண்டு போகிறவனிடம் பேசும் பேச்சா இது? அவர் பெயரைக் கேட்டதற்கு "எதுக்கு?" என்றார். சட்டையில் பெயர் அட்டையும் இல்லை.

உங்கள் பொருள், உங்களுக்குத் தெரியாததா? எச்4 ஹாலஜனில் டிம்முக்கான இழைக்குக் கீழே சின்னதாக ஓர் உலோகக் கிண்ணம் இருக்கும். கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைப்பதால், ஒளியை முன்னால் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் வேலை செய்து வெளிச்சத்தை ரோட்டில் இறக்கும். ரிஃப்ளெக்டரே அந்த இழை நிற்கும் இடத்தைக் கணக்கு வைத்துச் செய்ததுதான். உங்கள் பல்பில் ஒளி தரும் எல்இடி சிப் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறது, இழை நின்ற இடத்தில் இல்லை. பழைய பல்பைப் போட்டுச் சுவரில் அடித்தால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு தெளிவாகத் தெரிகிறது. உங்களுடையதில் விளிம்பே இல்லை. இரண்டையும் படம் எடுத்து அனுப்பினேன். "படம் தெளிவாக இல்லை" என்று பதில் வந்தது.

அப்புறம் போனில் ஒருவர், "ரிஃப்ளெக்டர் வண்டிக்கு இது சரிவராது சார்" என்று சொல்லிவிட்டார். அப்படியானால் அதைப் பெட்டியில் ஏன் போடவில்லை? கோவையில் இருந்தவர் ஏன் என் கண்ணைக் குறை சொன்னார்? பெட்டியில் வெளிச்சத்தின் அளவு 20,000 லூமென் என்று வேறு போட்டிருக்கிறீர்கள். 35 வாட் டி2எஸ் வகை செனான் பல்புக்கே 3200 லூமென்தான். உங்கள் எண்ணை எங்கே, எப்படி அளந்தீர்கள் என்று எழுதித் தாருங்கள்.

இன்னொன்று. பல்பின் பின்னால் விசிறி நீட்டிக்கொண்டிருப்பதால் ஹெட்லைட்டின் ரப்பர் மூடி மூடவில்லை. மழை ஈரம் உள்ளே போய் ரிஃப்ளெக்டர் மங்கிவிட்டது. இனி முழு ஹெட்லைட்டையும் மாற்ற வேண்டும். இரவுச் சவாரி எடுக்கவே முடியவில்லை. இந்த சீசனே போய்விட்டது, என் பிழைப்பையே கெடுத்துவிட்டீர்கள்.

நல்ல முறையில் முடித்துக்கொள்ளத்தான் விரும்புகிறேன். பல்பின் விலை, மங்கிப்போன ஹெட்லைட்டின் விலை, கோவை வந்துபோன டீசல் செலவு, அந்த ஊழியரின் எழுத்துப்பூர்வ மன்னிப்பு, இவை வேண்டும். மாற்றுப் பல்பு வேண்டாம். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன். அதற்கும் மசியாவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி.

பில் நகல், பெட்டியின் படம், சுவரில் எடுத்த இரண்டு படங்கள் (இந்த முறை பெரிதாக அச்செடுத்தவை) இணைத்திருக்கிறேன். பல்பு என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் உங்கள் ஆள் வால்பாறைக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும், நான் மறுபடி இறங்கி வருவதாக இல்லை.

இப்படிக்கு,
வாடகைக் கார் உரிமையாளர், வால்பாறை