சர்வீஸ் பில்லில் பிரேக் ஆயிலுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் சொந்தக் காரில் புறப்படும் குடும்பங்கள் பல. கிளம்புவதற்கு முன் வண்டியை சர்வீசுக்கு விடுவது நல்ல பழக்கம்தான். ஆனால், அந்த சர்வீசில் என்னென்ன செய்தார்கள் என்று கேட்டால், ஆயில் மாற்றி வாட்டர் வாஷ் செய்து கொடுத்தார்கள் என்பதற்கு மேல் நம்மில் பலரால் சொல்ல முடிவதில்லை. உயிரோடு தொடர்புடைய விஷயம் என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

அண்மையில், கொல்லிமலைக்குப் போகவிருந்த என் பக்கத்து வீட்டுக்காரர் தம் காரின் சர்வீஸ் பில்லைக் காட்டினார். எஞ்சினில் படிந்த கரியை நீக்கும் டீகார்பனைசிங், ஏசி கிருமிநீக்கம், உட்புறத் துப்புரவு, வண்ணப் பாதுகாப்புப் பூச்சு என்று வரிசையாகத் தொகை போட்டிருந்தார்கள். பிரேக் ஆயில் மாற்றியதாக அதிலும் இல்லை, அவர் பத்திரமாக வைத்திருந்த பழைய பில்களிலும் இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால், புதிதில் வெளிர் மஞ்சளாக இருக்கும் பிரேக் ஆயில், டிகாக்‌ஷன் போலக் கறுத்துக் கிடந்தது. நிறத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் வண்டி வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பல நிறுவனங்களின் கையேடுகளோ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கின்றன.

பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரங்களின் பிரேக்குக்குக் கடத்துவது பிரேக் ஆயில்தான். அது காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. 'டாட் 4' தரத்து ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி இருந்தாலே போதும் என்று அத்தரமே அனுமதிக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில், கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், சக்கரத்தில் எழும் சூடு ஆயிலுக்கு ஏறி, அது கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகக்கூடும். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். அதனால் பெடல் அடிவரை போனாலும் பிரேக் பிடிக்காது. ஊருக்குள் ஓட்டும்போது இந்தக் குறை பெரும்பாலும் வெளியே தெரியாது என்பதுதான் அச்சமூட்டுகிறது.

கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்ப்பது மற்றொரு தவறான வழக்கம். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது சர்வீஸ் என்பதே பெரும்பாலான பெட்ரோல் கார்களின் கையேட்டில் உள்ள விதி. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் வண்டி எடுக்கும் பெரியவர்கள், 'ஓடவே இல்லையே' என்று ஆண்டுக்கணக்கில் எஞ்சின் ஆயில் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். குறைந்த தூரமே ஓடும் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதில்லை. அதனால் உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கி அதைக் கெடுக்கின்றன. டயரும் ஓடாமலே வயதாகும். அதன் பக்கச் சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஸ்டெப்னி டயரையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

சர்வீஸ் நிலையங்கள் எல்லாமே ஏமாற்றுகின்றன என்று நான் கூறவில்லை. நேர்மையாகவும் நுணுக்கமாகவும் வேலை செய்யும் மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால், கையேட்டில் இல்லாத வேலைகளைச் சேர்ப்பதற்கு முன் வாடிக்கையாளரின் சம்மதத்தைப் பெறுவதும், அவை கட்டாயமல்ல என்று சொல்வதும், கழற்றிய பழைய பாகங்களைக் காட்டுவதும் அவர்கள் கடமை. முதல் சில 'இலவச சர்வீஸ்'களில் கூலி மட்டுமே இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் உண்டு என்பதையும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கார் நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பராமரிப்பு அட்டவணையைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, வண்டியுடன் கொடுப்பதோடு, ஒவ்வொரு சர்வீஸ் நிலையத்தின் வரவேற்பிலும் மாட்டி வையுங்கள். செய்யவிருக்கும் வேலைகளைக் குறித்துத் தரும் ஜாப் கார்டில் கையெழுத்திடும் முன் வாடிக்கையாளர் அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். சம்மதமின்றிச் செய்த வேலைக்குப் பணம் வசூலித்தாலோ, பில் தர மறுத்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அதற்கு ஜாப் கார்டின் நகலைக் கேட்டு வாங்கி, பில்லுடன் சேர்த்து வைத்திருப்பது உதவும்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர் ஒருவர்,
நாமக்கல்.