ஒரே இரவில், வீட்டில் எல்லோருக்கும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் மூன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை இரண்டு வரிக்கு ஒருமுறை பென்சிலை வைத்துவிட்டு விரல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கையைக் காட்டு என்றதும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மெல்லப் பேசிப் பார்த்தால், இடுக்கெல்லாம் கடுகு போலக் கொப்புளம், மணிக்கட்டில் நகம் கீறிய புண். இன்னும் சில பிள்ளைகளுக்கும் இப்படி இருக்கிறது. சொறிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இது அழுக்கால் வருவதில்லை. தினமும் குளிக்கிற பிள்ளைக்கும் வரும். கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு பூச்சி தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. ராத்திரியில் அரிப்பு தாங்காது. நம் ஏற்காட்டுக் குளிரில் அண்ணன், தங்கை எல்லாம் ஒரே கம்பளிக்குள் சுருண்டு படுப்பார்கள். அது போதும் ஒட்டிக்கொள்ள. அதனால் எந்தப் பிள்ளையையும் தனி பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாதென்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் "யார் வீட்டிலிருந்து வந்தது" என்று கேட்காதீர்கள்.

முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குள் வீட்டில் மற்றவர்களுக்கும் போயிருக்கும். அரிப்பு இல்லாத பாட்டியிடமிருந்தும், எஸ்டேட் வேலைக்குப் போகிற அப்பாவிடமிருந்தும், மருந்து போட்ட பிள்ளைக்கே அது திரும்பி வரும். ஆகவே பாதிப்புள்ள வீடுகள் எல்லாம் வியாழனுக்குள் அரசு மருத்துவமனையில் காட்டி, வெள்ளி இரவு ஒன்றாக மருந்து போடுங்கள். எல்லோருக்கும், ஒரே இரவில்.

பெரும்பாலும் 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம்தான் எழுதித் தருவார்கள். அரிக்கிற இடத்தில் மட்டும் தடவினால் பயனில்லை. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, அக்குள், தொப்புள், நகத்தடி எதையும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி பூசுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டே போடுங்கள்.

துணிகளை வெந்நீரில் துவைக்கலாம். கம்பளி, ஸ்வெட்டர்? இந்தப் பனிமூட்டத்தில் எப்போது காய்வது! பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி நாலு நாள் வையுங்கள். மனித உடம்பை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

மெடிக்கலில் நீங்களாகவே வாங்கும் அரிப்பு க்ரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு அடங்கும், பூச்சி சாகாது. மண்ணெண்ணெய் தடவவே வேண்டாம், தோல் வெந்துபோகும். சரியாக மருந்து போட்ட பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும். பயந்து தினமும் பூசாதீர்கள். ஆனால் புண்ணில் சீழ் வைத்தாலோ, முகம் வீங்கினாலோ, சிறுநீர் சிவந்து போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புண் வழியாகப் புகும் கிருமி சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

வெள்ளி இரவு மருந்து போட்ட பிள்ளைகளைத் திங்களன்று தாராளமாக அனுப்புங்கள். மருந்து வாங்கச் சிரமம் இருந்தால் புதன் மாலைக்குள் என்னிடம் சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்