விண்ட்சர் பெயர் தாங்கிய கப்பல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டை என்றால் 11ஆம் நூற்றாண்டில் வில்லியம் மன்னர் கட்டத் தொடங்கியதும், 1992 தீ விபத்தும்தான் செய்தியாகின்றன. சரி, அதன் பெயர் தாங்கிய கப்பல்களைப் பற்றியும் எழுதுங்களேன். 1852 செப்டம்பர் 14 அன்று 'விண்ட்சர் காசில்' போர்க்கப்பல் நீரில் இறங்கிய அதே நாளில், நெப்போலியனை வென்ற தளபதி வெலிங்டன் பிரபு காலமானார். சில வாரங்களிலேயே அவர் பெயரைக் கப்பலுக்குச் சூட்டிவிட்டார்கள்! அதே பெயரில் வந்த பயணிகள் கப்பல் ஒன்று 1943இல் மத்தியதரைக் கடலில் டார்பிடோ தாக்கி மூழ்கியது. அப்புறம், எலிசபெத் அரசியின் தாயார் 1959இல் வெள்ளோட்டம் விட்ட கப்பல். சவுத்தாம்ப்டனுக்கும் கேப்டவுனுக்கும் இடையே தபாலும் பயணிகளும் சுமந்த அதை, கடைசியில் நம் குஜராத்தின் அலங் கரையில்தான் உடைத்தார்கள். உடைத்த தொழிலாளர்களைத் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டு வெளியிட வேண்டுகிறேன்.

- வாசகர், தூத்துக்குடி