நனைந்த நோட்டு

ஏரல்,
செவ்வாய் இரவு.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. நேற்று போனில், "இந்த வருஷம் இங்கிலாந்துப் படிப்புக்கான செவெனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடலப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பேசினால் நீ இடையில் மறித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன தடவை நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை என்ற வருத்தம் எனக்கும் உண்டு. அப்போது நீ அனுப்பிய நான்கு கட்டுரைகளையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். நேற்று ராத்திரி திரும்பவும் படித்தேன். இங்கிலீஷ் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் உன்னைக் காணவில்லை, எம்மா. தலைமைப் பண்பைப் பற்றிக் கேட்ட இடத்தில் கல்லூரி விழா நடத்தியதை எழுதியிருக்கிறாய். 2023 டிசம்பரை ஏன் விட்டாய்?

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி நம் ஊருக்குள் வந்துவிட்டது. ரோடு அறுந்து கிடந்தபோது நீ கோயம்புத்தூரிலிருந்து வந்து, திருநெல்வேலியில் லாரி பிடித்து, மிச்சத்தை நடந்தே வந்தாய். தண்ணீர் வடிந்த பிறகுதான் உன் வேலை ஆரம்பித்தது. தொட்டியில் குளோரின் போட்டாச்சு என்று எல்லோரும் சொன்னார்கள். நீ கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் இருந்தால் மஞ்சளாக மாற்றும் சோதனை மருந்தைச் சொட்டு விட்டுப் பார்த்தாய். மஞ்சள் ஏறவே இல்லை. கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று சொல்லி, விடாமல் திரும்பப் போடவைத்தாய். மகளிர் குழுப் பெண்கள் மூன்று பேருக்குச் சோதனையைக் கற்றுக்கொடுத்தாய். நீ வேலைக்குத் திரும்பிய பிறகும் பொங்கல் வரை அவர்கள்தான் தெருத்தெருவாகப் பார்த்தார்கள். நீ இல்லாதபோதும் வேலை நடந்ததே, அதை எழுது. செவெனிங்கில் கேட்கும் 2,800 மணி நேர வேலை அனுபவத்தில் சம்பளமில்லாத வேலையும் சேரும் என்று நீதானே சொன்னாய்? அந்த நாட்களையும் கணக்கில் சேர்.

பணத்துக்குப் பயந்துதான் பின்வாங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பேங்கில் ஈடு கேட்பார்கள். வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கிறது. வேண்டுமென்றால் தயங்காமல் எடுத்துத் தருவேன். ஆனால் படிப்புக் கட்டணம், விமானச் செலவு, மாதச் செலவு எல்லாம் கொடுக்கும் ஓர் உதவித்தொகையை இரண்டாம் முறை கேட்டுப் பார்க்காமல் பத்திரத்தை எடுக்க எனக்கு மனமில்லை. படிப்பு முடிந்து இரண்டு வருஷம் நம் நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அம்பேத்கர் 1913-ல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். 1917-ல் அந்தத் தொகை முடிந்துபோனதால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். சம்பாதித்துச் சேர்த்ததையும் கடனையும் வைத்துக்கொண்டு 1920-ல் திரும்பவும் லண்டன் போனார். பாதியில் விட்டதை முடித்தும் காட்டினார். அவர் பட்ட கஷ்டத்தோடு நம்முடையதை நான் ஒப்பிடவில்லை. இடம் இல்லை என்று பிப்ரவரியில் வந்த ஒரு மின்னஞ்சலோடு நீ நிறுத்திவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. உன் சான்றிதழ்களில் இனிஷியல் மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் என் முழுப் பெயரும் இருக்கிறது. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுது. அங்கே போனால் என் பெயரைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிடுவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து மனசுக்குள் ஒரு சந்தோஷம். பரிந்துரை தரப்போகும் இரண்டு பேரிடமும் இப்போதே சொல்லி வை. கடைசி நாள் வரை இழுக்காதே. தபால் ஆபீஸ் கவுன்டரில் கடைசி நாளில் ஓடிவந்து தவித்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீ அன்றைக்குத் தெருவாரியாகக் குறித்த நோட்டு பரணில் கிடைத்தது. ஓரமெல்லாம் நனைந்து உப்பிப்போயிருக்கிறது, எழுத்து அழியவில்லை. தேதி, குழாய், அளவு எல்லாம் உன் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது. பின்பக்கங்களில் அந்தப் பெண்களின் எழுத்து. நாளைக் காலை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா