முசலியிலிருந்து, பிந்தி வரும் நன்றி

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

இந்த மடலை நாலு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். பிந்தியதற்கு என் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. இப்போது எழுத வைத்தது வாப்பாவின் உம்றாப் பயணம். போவதற்கு முன் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும் என்று முகவர் சொன்னார். வாப்பா ஒரு கேள்வியும் கேட்காமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "எதுக்கும் அந்தக் கொரோனா அட்டையையும் எடுங்க மகள்" என்றார். பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அடியில் புத்தளத்தில் நிவாரணம் வாங்கிய பழைய கூப்பன் அட்டை, அதற்கு மேல் நாலாக மடித்த தடுப்பூசி அட்டை. அதில் இரண்டு வரியிலும் அப்போது எங்கள் ஊரில் வேலை செய்த குடும்பநல மருத்துவிச்சி, எங்கள் மிட்வைஃப் மிஸ்ஸின் ஒரே சாய்ந்த கையெழுத்து.

அதைப் பார்த்து வாப்பா கொஞ்சம் சிரித்தார். 2021இல் ஊசி என்ற சொல் காதில் விழுந்தாலே படலையைச் சாத்தியவர் இதே ஆள்தான்.

அவரை யாரும் படிக்காதவர் என்று சொல்லிவிடக் கூடாது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களான எங்களை வடக்கிலிருந்து போகச் சொன்னபோது வாப்பாவுக்கு நாற்பது வயது. இருபது வருடம் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலும் உப்புத் தண்ணீருமாகக் கழித்து, யுத்தம் முடிந்தபின் மன்னார் மாவட்டத்து முசலிக்குத் திரும்பி, காடு வெட்டி வீடு கட்டினார். "மௌத்தானால் (இறந்தால்) இந்த மண்ணில்தான்" என்பது அவருடைய ஒரே பிடிவாதம். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறப்பவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தும் இங்கே கேட்கவில்லை. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையைக் கொழும்பு பொரளை மயானத்தில் எரித்தார்கள். அந்த மயானத்தின் வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டியதைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு, அன்று இரவு வாப்பா சாப்பிடவில்லை.

2021 பெப்ரவரியில் அந்த விதியை மாற்றினார்கள். மாற்றிய கையோடு, எங்கள் வன்னிக் கரைக்கு எதிரே இருக்கும் இரணைதீவில் புதைக்கலாம் என்றார்கள். அங்கே இருப்பவர்களும் எங்களைப் போல இழந்த காணிக்கு அப்போதுதான் திரும்பி வந்தவர்கள். அவர்கள் எதிர்த்ததை நான் குறையாக எண்ணவில்லை. கடைசியில் மார்ச் மாதம் ஓட்டமாவடியில் இடம் கிடைத்தது. முசலியிலிருந்து அது நாட்டின் மற்றக் கரை. ஆக, ஆஸ்பத்திரிக்குப் போனால் பிசிஆர், அதில் தொற்று என்று வந்து மௌத்தானால் ஓட்டமாவடி. இதுதான் ஊரில் கணக்கு. காய்ச்சல் வந்தவர்கள் கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்துவிட்டு வாய் திறக்காமல் படுத்திருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் தடுப்பூசி வந்தது. கூடவே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளும் வந்தன. பன்றிக் கொழுப்பு இருக்கிறதாம், ஊசி போட்டால் பிள்ளை தங்காதாம், எங்கள் சனத்தொகையைக் குறைக்கத்தானாம். எனக்கு 2018 அம்பாறை நினைவு வந்தது. முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். பிறகு அரச பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று வந்தது. அந்தப் பொய்யால் அடி வாங்கிய நாங்களே அதே பொய் திரும்பி வந்தபோது வாசலில் பாய் போட்டு உட்கார வைத்தோம். நானும் ஒரு பதிவை இரண்டு பேருக்கு அனுப்பினேன். அதை ஒளிக்க வேண்டியதில்லை.

மிட்வைஃப் மிஸ், இனி உங்களுக்கு.

நீங்கள் முதல் நாள் எங்கள் படலையில் வந்து நின்று சொன்னது: "ஐயா, நான் ஊசிப்பெட்டி கொண்டு வரேல்ல. வெயில் தாங்கேலாமக் கிடக்கு, குடிக்கத் தண்ணி தாங்கோ." தண்ணீர் கேட்டவரை வாசலில் நிறுத்தி வைக்க வாப்பாவால் முடியுமா? உள்ளே வந்து குடித்து முடித்துவிட்டு, "என்ன பயம் ஐயா?" என்று கேட்டீர்கள். "மௌத்தானால் என்னை எரிக்க மாட்டாங்க எண்டு எழுதித் தருவீங்களா மகள்?" என்றார் வாப்பா. நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதை நான் எழுதித் தர ஏலாது ஐயா. ஊசியைப் பற்றிக் கேளுங்கோ. தெரிஞ்சதைச் சொல்லுறன், தெரியாட்டில் கேட்டுக்கொண்டு வந்து சொல்லுறன்" என்றீர்கள். தெரியாது என்று சொல்லும் ஒருவரை வாப்பா அந்த வருடத்தில் அப்போதுதான் கண்டார்.

அடுத்த கிழமை ஒரு சி.ஆர். கொப்பியோடு வந்தீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் கேட்ட கேள்வி இடப்பக்கம், பதில் வலப்பக்கம். சினோபாமில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ், கூட அலுமினியம் கலந்த ஒரு உப்பு. பைசரில் வைரஸே இல்லை, மிக நுண்ணிய கொழுப்புத் துணிக்கைக்குள், வைரஸின் ஒரு துண்டைச் செய்ய உடம்புக்குச் சொல்லும் ஒரு குறிப்பு மட்டும். கோவிஷீல்டையும் சேர்த்து, மூன்றிலும் பன்றியிலிருந்தும் எடுக்கிற ஜெலட்டின் கிடையாது. பிள்ளை தங்காது என்ற பேச்சுக்கு நீங்கள் எழுதியிருந்தது ஒரே வரி: ஜூன் மாதத்திலிருந்து கர்ப்பிணித் தாய்மாருக்கே போடுகிறார்கள். அதை உம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். அப்புறம் நீங்கள் என் இடது கையைப் பிடித்து, பிறந்தவுடன் போட்ட காசநோய்த் தடுப்பூசியின் பீசீஜி தழும்பைக் காட்டி, "இது என்ன எண்டு ஆரும் கேட்டனீங்களோ?" என்றீர்கள். வாப்பா அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மௌலவிக்கும் நன்றி சொல்ல வேண்டும். அஸருக்குப் பிறகு பள்ளி ஒலிபெருக்கியில் அவர் சொன்னது: "எனக்குத் தெரிந்தது மார்க்கம். மருந்து தெரிந்தவரை நாளைக்கு இதே மைக்கில் பேச வைக்கிறேன்." மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. சேர் பேசினார். எங்கள் பள்ளி மைக்கில் ஒரு தமிழ் அதிகாரியின் குரல் கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. கை நோகும், இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கலாம், பனடோல் போட்டுப் படுங்கள், ஊசி போட்டாலும் தொற்று வரலாம், ஆனால் ஒட்சிசன் வரைக்கும் போகிற ஆபத்துக் குறையும் என்று பூசி மெழுகாமல் சொன்னார். முடிந்ததும் மௌலவி, கலீஃபா உமர் (ரலி) அவர்களின் கதையைச் சொன்னார். ஷாமில் (சிரியாப் பக்கம்) கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு உமர் (ரலி) பாதியில் திரும்பியபோது, "அல்லாஹ்வின் கத்ரை (விதியை) விட்டு ஓடுகிறீர்களா?" என்று கேட்டார்களாம். "அவனுடைய ஒரு கத்ரிலிருந்து அவனுடைய இன்னொரு கத்ருக்குப் போகிறோம்" என்பது உமர் (ரலி) அவர்களின் பதில். பிறகு சிரித்துக்கொண்டே, "ஹாஜிமாரே, ஹஜ்ஜுக்குப் போக மூளைக்காய்ச்சல் ஊசி போட்டீர்களே, அப்போது யாரும் என்னிடம் பத்வா கேட்கவில்லையே" என்று கேட்டாரே பார்க்கலாம். ஊரே சிரித்தது.

ஊசி போட்ட நாள் ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி வந்தது. மத்ரஸா மண்டபத்தில் பெண்களுக்கு மறைப்பு இல்லை. அபாயாக் கையை மேலே சுருட்டவும் முடியாது, பார்க்கிற இடத்தில் கழற்றவும் முடியாது. பக்கத்து ஊர்த் தமிழ் அக்காமார் மூன்று பேர் தங்கள் சேலைகளைக் கொண்டுவந்து கயிற்றில் கட்டினார்கள். சோளகக் காற்று அதைப் பாய்மரம் போலத் தூக்கியது. இரண்டு பேர் கீழ்க் கரையைக் காலால் மிதித்துக்கொண்டே நின்றார்கள், நாங்கள் எல்லோரும் போட்டு முடியும்வரை. அதில் ஒன்று கரையில் மயில் போட்ட கூறைச்சேலை. அக்கா, அது கிழிந்ததா இல்லையா என்று இன்றுவரை கேட்காமல் இருக்கிறேன்.

வாப்பாவின் பதிவு புத்தளத்தில் இருந்ததால் வேறொரு நிலையத்தில் முதலில் திருப்பி அனுப்பினார்கள். ஒரு கடிதத்தில் அதைச் சரி செய்த கிராம அலுவலர் தம்பிக்கும், முடியாதவர்களை ஏற்றி இறக்கிக் காசு வாங்காத ஓட்டோ நானாவுக்கும், சிங்களத்தில் மட்டும் வந்த படிவத்தை இரவோடு இரவாகத் தமிழில் எழுதித் தந்த கம்பஸ் பிள்ளைக்கும் நன்றி. பிள்ளை, உங்கள் கையெழுத்து வாசிக்கக் கஷ்டம். ஆனாலும் நன்றி.

மிட்வைஃப் மிஸ், நீங்கள் மாற்றலாகிப் போன இடம் எங்களுக்குத் தெரியாது. ஒருவர் வவுனியா என்கிறார், ஒருவர் முல்லைத்தீவு என்கிறார். வாப்பா மக்காவிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழத்தில் ஒரு பெட்டியை ஆருக்கும் கொடுக்காமல் பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். இதை வாசிப்பவர்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஓட்டோ நானா எவ்வளவு தூரமானாலும் வருகிறாராம். இந்த முறை காசு வாங்குவாராம்.

பாலர் பாடசாலை ஆசிரியை,
முசலி